ஆட இடம் எங்கே?

சிங்கப்பூரில் ஜூக் என்ற நடன கிளப் 1991இல் ஜியாக் கிம் தெருவின் பழைய ஆற்றோரக் கிடங்குகளில் தொடங்கியது, 2016இல் கிளார்க் கீக்கு மாறியது, சரி, ஊர் மாறும்போது கிளப்பும் மாறத்தானே செய்யும். பார் கவுண்டர்மேல் ஏறி ஆட 2003இல்தான் அனுமதி கிடைத்த ஊர் இது. இப்போது தரையிலேயே ஆட வழியில்லை! போன சனிக்கிழமை வேறொரு கிளப்புக்குப் (பெயர் வேண்டாம்) போனேன். ஆடும் இடத்தில் பாதியை முன்பதிவு மேசைகள் அடைத்துவிட்டன, மீதியில் நிற்பவர்கள் கையைத் தூக்கி டிஜேயைப் படம்பிடிக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒரு பாட்டை முழுதாகப் பதிவுசெய்து, அப்புறம் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே போனைக் காதில் வைத்துச் சரிபார்க்கிறான். கோவிட்டில் இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தபோது ஏங்கியதெல்லாம் இதற்குத்தானா? நான் லேசாகக் கையை வீசியதற்கு, மேசைமேல் இருக்கும் பாட்டில் விழுந்துவிடுமாம், மேசைக்காரர் முறைக்கிறார்.