கோயிலடியில் விட்டால் பாவமில்லையாம்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் யாரோ உரப்பைக்குள் கட்டி எறிந்த நாய்க்குட்டிகளைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நான் போட்ட அவற்றின் படத்தின் கீழ் ஓர் அண்ணை எழுதிய வரி நித்திரையைக் கெடுத்துவிட்டது: "கோயிலடியில் விட்டால் பாவமில்லை, எப்படியும் சாப்பாடு கிடைக்கும்."

எதைச் சாப்பிடும், அண்ணை? கோயிலடியில் விற்கிற கச்சான் கடலையையா? குட்டி கண் திறக்கவே இரண்டு வாரம் செல்லும். பையை அவிழ்த்தபோது ஒன்று என் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பியது; பல்லே முளைக்கவில்லை. பக்கத்தில் ஏ9 வீதி. பஸ்காரர்கள் பிள்ளையாருக்கு நிறுத்துவார்கள், நாய்க்குட்டிக்கு நிறுத்துவார்களா?

கோயிலடியில் விட்டாலும் அது எறிவதுதான். சந்தையடியிலும் பள்ளிக்கூட மதிலோரத்திலும் எறிவதுதான்.

கொடுப்பதென்றால் எட்டு வாரமாவது தாயோடு வைத்திருந்து, தெரிந்த வீடாகப் பார்த்து, கையில் கொடுத்து, பிறகு ஒருநாள் போய்ப் பார்க்கவேண்டும். "பெட்டைக் குட்டியை யார் எடுப்பார்கள்?" என்கிறீர்கள். உண்மை, எடுக்கமாட்டார்கள். அதனால்தான் தாய்க்குக் கருத்தடை செய்யுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். சினைப்பட்டு ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். வருடத்துக்கு இரண்டு தடவையும் போடும். கால்நடை வைத்தியரிடம் ஒருமுறை கொண்டுபோனால் அத்தோடு முடிந்தது. காசில்லையா? திருவிழாவுக்கு வெடி வாங்க ஊரில் காசு சேரத்தானே செய்கிறது.

வெளிநாடு போகிறவர்கள் இன்னொரு வகை. விசாவுக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு நாய்க்கொரு வீடு தேட ஒரு கிழமை கிடைக்கவில்லையாம். பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டு, மாதாமாதம் அரிசிக்கு ஏதும் அனுப்பினால் குறைந்தா போவீர்கள்? சந்தியில் இறக்கிவிட்டுப் போவதும் எறிவதுதான்.

"யுத்தத்தில் வன்னியில் மனிதரையே விட்டுவிட்டு வந்தோம், இவர் நாய்க்கு அழுகிறார்" என்று ஒருவர். எனக்குச் சொல்லவேண்டாம். 2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏறியபோது எங்கள் நாய் பரந்தன் சந்திவரை பின்னால் ஓடிவந்தது. பெட்டியில் கிழவிகளுக்கே இடமில்லை. அம்மா இன்றுவரை அதன் பெயரை வாயில் எடுப்பதில்லை. அன்று எங்களைத் துரத்தியது ஷெல். உங்களை எது துரத்துகிறது? முற்றம் அசிங்கமாகிறது என்பதா? அந்த நாட்களை இதற்குச் சாட்டாக இழுக்காதீர்கள், தயவுசெய்து.

"அப்படியென்றால் நீங்களே வளருங்களேன்" என்றும் வரும். உயிரோடு மிஞ்சியவை எங்கள் விறாந்தையில்தான் கிடக்கின்றன. போத்தல் பாலுக்கு இரவில் எழும்புவது நான்தான். வளர்ந்ததும் தடுப்பூசி போட்டுக் கொடுப்பேன். பெட்டைகள்தான் கூட. எடுக்கிறவர்கள் கருத்தடைக்கு ஒத்துக்கொண்டால் செலவில் பாதி என்னுடையது. அண்ணை, உங்கள் வளவு பெரியதென்று கேள்விப்பட்டேன்.