கவண் இல்லாத பட்டியல்கள்

பழங்காலப் போர்க்கருவிகள் என்று யாராவது பட்டியல் போட்டால், அதில் கவண் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. ஈட்டி இருந்தாலும் ஏழாவது, எட்டாவது இடத்தில் ஒதுங்கி நிற்கும். மேலே முழுக்க வாள்கள். எகிப்தியரின் அரிவாள் போல வளைந்த கோபெஷ், ரோமானியரின் கிளாடியஸ், சீன அரசன் கோஜியானின் வாள். எல்லாமே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் போர்களை நடத்தியவை இவை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கோஜியான் வாளையே எடுத்துக்கொள்வோம். 1965இல் ஹூபே மாகாணத்தில் ஒரு கல்லறையில் கிடைத்தது. வெண்கல வாள், 55.6 செ.மீ. நீளம். உடல் முழுக்கக் கட்டம் கட்டமாக நுணுக்கமான வேலைப்பாடு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் கூர் போகவில்லை. அரக்குப் பூசிய மர உறைக்குள் பத்திரமாக வைத்துப் புதைத்திருந்தார்கள். அதே சீனத்தில் சாதாரணக் காலாள் ஏந்தியது ‘கே’ என்ற கருவி: நீண்ட கம்பின் தலையில் குறுக்காக ஒரு கத்தியைக் கட்டிக்கொண்டால் ‘கே’ ஆகிவிடும். எதிரியைக் கொத்தலாம், கொக்கி போட்டு இழுக்கலாம். கம்பு மக்கிப்போனது, தலை மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை.

பிழைத்து நம் கைக்கு வந்தவற்றை வைத்துத்தான் பழங்காலத்தைக் கற்பனை செய்கிறோம். பிழைத்தவை பெரும்பாலும் அரசனோடும் பிரபுவோடும் புதைத்தவை. மரம், தோல், நார், கயிறு எல்லாம் மண்ணாகிவிடும். அப்படி ஆகாத ஓர் இடம் வடக்கு ஜெர்மனியின் டோலென்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ கி.மு. 1250இல் அங்கே பெரிய சண்டை ஒன்று நடந்திருக்கிறது. 1996இல் முதலில் கண்ணில் பட்டது ஒரு மேற்கை எலும்பு, அதில் குத்தி நின்ற கல் அம்புமுனையோடு. தோண்டத் தோண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள், வெண்கல அம்புமுனைகள், அப்புறம் இரண்டு மரக்கட்டைகள். ஒன்று பேஸ்பால் மட்டை போல, மற்றது நீண்ட பிடி போட்ட சுத்தியல் போல. ஈரச் சேறு மரத்தைக் காப்பாற்றியிருந்தது. வெண்கலக் காலம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் காலத்தின் நட்ட நடுவில், உருட்டுக்கட்டையோடு போருக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கட்டைகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த நடுக்கம் எந்த அரசனின் வாளைப் பார்த்தும் வந்ததில்லை.

சரி, கவணுக்கு வருகிறேன்.

நடுவில் சின்னப் பை, இரு பக்கமும் கயிறு. ஒரு நுனியை விரலில் மாட்டிக்கொண்டு, மறு நுனியைக் கையில் பிடித்துச் சுழற்றி, சரியான நொடியில் அதை விட வேண்டும். கருவி அவ்வளவுதான். கை நீண்டதுபோல ஆகிவிடுகிறது, கல்லின் வேகம் பல மடங்கு ஏறுகிறது. செய்யக் காசு வேண்டாம், குண்டு ஆற்றங்கரையில் கிடக்கிறது. ஆனால் குறி? அது சின்ன வயதிலிருந்தே கையில் ஊறினால்தான் வரும். ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலேரிக் தீவுக்காரர்கள் இதில் பேர் போனவர்கள். வட ஆப்பிரிக்க வல்லரசான கார்தேஜும் பிறகு ரோமும் அவர்களைக் கூலிக்கு அமர்த்தின. பிள்ளை ரொட்டியைக் கவண்கல்லால் அடித்தால்தான் அங்கே தாய் அதைத் தின்னக் கொடுப்பாள் என்று வரலாற்றாசிரியர் டயடோரஸ் எழுதுகிறார். ஒருவனிடம் மூன்று கவண்கள்: ஒன்று தலையில் சுற்றியிருக்கும், ஒன்று இடுப்பில், ஒன்று கையில்.

கி.மு. 701இல் அசீரியர் லாகீசு நகரை முற்றுகையிட்டதைக் காட்டும் கற்சிற்பங்கள் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வில்லாளிகளுக்குப் பின்னால் கவண்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் காலத்தின் மிகப் பயங்கரமான படையே தன் அணிவகுப்பில் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

பின்னால் கல்லுக்குப் பதில் ஈயக்குண்டு வந்தது. வாதுமைக்கொட்டை வடிவம். சின்னது, கனமானது, பறந்து வரும்போது கண்ணுக்குச் சிக்காது. அச்சில் வார்க்கும்போதே எழுத்தும் பொறித்தார்கள். சில கிரேக்கக் குண்டுகளில் ‘வாங்கிக்கொள்’ என்று இருக்கிறது. கி.மு. 41-40இல் இத்தாலியின் பெருசியா முற்றுகையில் இரு தரப்பும் எறிந்துகொண்ட குண்டுகளில் இங்கே எழுத முடியாத வசைகளெல்லாம் உண்டு. உடம்புக்குள் புதைந்த ஈயக்குண்டை எப்படி எடுப்பது என்று ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் விளக்கியிருக்கிறார். எடுக்கும் முறையைத் தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் அப்படி அடிபட்டு வந்திருப்பார்கள்!

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதற்கு அடுத்தது. கி.மு. 401இல் பாரசீகப் பேரரசின் நடுவில் மாட்டிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படை ஊர் திரும்புகிறது. பின்னாலேயே பாரசீகக் குதிரைவீரர்களும் வில்லாளிகளும் கவண்காரர்களும் துரத்தித் துரத்தி அடிக்கிறார்கள். கனத்த கேடயமும் ஈட்டியும் வைத்திருப்பவர்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. படையோடு இருந்த ஜெனபோன் ரோட்ஸ் தீவுக்காரர்களைத் தேடுகிறார். அவர்கள் ஈயக்குண்டு எறியத் தெரிந்தவர்கள், கை நிறையும் பெரிய கல்லை எறியும் பாரசீகரைவிட இரு மடங்கு தூரம் போகும். 200 பேர் முன்வந்தார்கள். அதற்குப் பிறகு துரத்தியவர்கள் எட்டி நிற்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் எழுதியவர் ஜெனபோனேதான். அதே ஜெனபோன், பாரசீக அரசன் சைரஸைப் பற்றிய தன் இன்னொரு நூலில், கவணை அடிமைகளுக்கே மிகவும் ஏற்ற ஆயுதமாகச் சைரஸ் கருதியதாக எழுதுகிறார். உயிரைக் காப்பாற்றிய கருவிக்குக் கிடைத்த மரியாதை அது. நம் பட்டியல்களில் கவண் இல்லாமல் போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஏந்தியவன் ஏழை, ஆடு மேய்ப்பவன். எழுதியவன் குதிரை வைத்திருந்தவன்.

ஈட்டிக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான், ஆனால் அதை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. ஜெர்மனியின் ஷோனிங்கனில் 1990களில் கிடைத்த மர ஈட்டிகளின் வயது இரண்டு முதல் மூன்று லட்சம் ஆண்டுகள். அவை குதிரை வேட்டைக்கானவை. வாள் உலோகம் வந்த பிறகு பிறந்த குழந்தை. கிரேக்கக் காலாளின் முதல் ஆயுதம் ஈட்டி, வாள் ஈட்டி முறிந்தால் உருவ. அந்த ஈட்டியின் அடிப்பக்கத்திலும் ஓர் உலோகக் கூர் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குப் ‘பல்லி கொல்லி’ என்று பொருள். முனை முறிந்தால் திருப்பிப் பிடித்துக் குத்தலாம்.

மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் அதை இன்னும் நீட்டினார். சரிசா, ஏறக்குறைய 5, 6 மீட்டர். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், கேடயம் தோளில் தொங்கும். முதல் ஐந்து வரிசைகளின் முனைகளும் படைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் பிடித்தது ஒன்று: தனி ஒருவன் கையில் சரிசா வெறும் தொல்லை. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அது ஆயுதம். தனி வீரனின் சாகசக் கதைக்கு அது உதவாது. அதனால்தானோ என்னவோ, கதைகளிலும் அது அதிகம் வருவதில்லை.

வாள் வென்ற நாளும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கி.மு. 168இல் ரோமானியரும் மாசிடோனியரும் மோதிய பிட்னாவில் நிலம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் சரிசா அணி பிளந்தது. ரோமானியர் அந்த இடைவெளிகளில் கேடயத்தோடு புகுந்து குத்தித் தீர்த்தார்கள். ஆனால் வழக்கமாக ரோமானியன் வாளை உருவும் முன் எறிவது பைலம் என்ற எறியீட்டி. அது எதிரியின் கேடயத்தில் ஏறிக்கொள்ளும், கழற்றுவது பெரும்பாடு. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஒன்று மட்டும். சீனச் சுடுமண் படையின், அதாவது முதல் பேரரசனின் கல்லறையருகே புதைத்த களிமண் வீரர் சிலைகளின், குழிகளில் ஏறத்தாழ 40,000 வெண்கல அம்புமுனைகள் கிடைத்தன, வாள்கள் மிகக் குறைவு. ஆனால் பகிரப்படுவது வாளின் படம்தான், ‘அந்தக் காலத்திலேயே குரோமியம் பூசினார்கள்’ என்ற வரியோடு. 2019இல் வெளிவந்த ஆய்வு, அந்தக் குரோமியம் வாளின் பிடியிலும் உறையிலும் பூசிய அரக்கிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டது. தயவுசெய்து அதைப் பகிர்வதை நிறுத்துங்கள். அந்த 40,000 முனைகளையும் ஒரே அளவில் வார்த்துத் தீட்டிய பட்டறைக்காரர்களின் உழைப்பு அதைவிடப் பெரிய வியப்பு.

பட்டறை என்றதும் ஔவையார் நினைவுக்கு வருகிறார். அதியமானுக்காகத் தூது போனவருக்குத் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. ஔவை சொல்கிறார்: இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அங்கே, அதியமானிடம் உள்ளவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. தொண்டைமானுக்குக் கொடுத்த அடி என்று இதைப் படித்திருக்கிறோம். எனக்கோ, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைத்த வாள்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாளிகைதான் தெரிகிறது. பாட்டு முழுக்க ‘இவை’, ‘அவை’ என்றே போகும். எந்த ஆயுதத்தைப் பேசுகிறார் என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது: வேல்.