துப்பாக்கிச் சூட்டில் முடிந்த பதவி

ஜெர்மானிய அதிகாரி ஹிங்கெல்டையைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அவரை வெறும் ஒடுக்குமுறைப் போலீஸ்காரராக மட்டும் காட்டிவிட்டது. அது பொய்யில்லை. ஜெர்மனியில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த 1848 புரட்சி அடங்கும் நேரத்தில், நவம்பரில், பெர்லின் போலீஸ் தலைவராக வந்தவர். பத்திரிகைகளை நெரித்தார், உளவாளிகளை ஏவினார். ஆனால் சட்டம் படித்து நிர்வாகத்தில் வளர்ந்தவர் என்பதால் போலீஸ் வேலை என்றால் நகரத்தையே நடத்துவது என்று நினைத்தார். 1851இல் பெர்லினுக்கு முழுநேரத் தீயணைப்புப் படை வந்தது இவரால்தான். குழாய்த் தண்ணீருக்கு ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டதிலும் இவர் கை இருந்தது. சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டும் தொல்லைக்கு லிட்ஃபாஸ் என்ற அச்சக முதலாளிக்கு விளம்பரத் தூண்கள் வைக்க 1854 டிசம்பரில் அனுமதி கொடுத்தார். ஊரும் சுத்தம், எவன் என்ன ஒட்டுகிறான் என்பதும் கண்ணில் படும். கெட்டிக்காரர்தான்!

முடிவைத்தான் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. பிரபுக்கள் கூடிச் சூதாடிய கிளப்புக்குள் போலீஸை ஏவினார். அந்தப் பகை முற்றி, 1856 மார்ச் 10 அன்று யுங்ஃபெர்ன்ஹைடே காட்டில் ஹான்ஸ் ஃபொன் ரோகோ என்ற பிரபுவோடு ஒற்றைக்கு ஒற்றை துப்பாக்கிச் சண்டை. ஹிங்கெல்டை அங்கேயே செத்தார். இத்தனைக்கும் அப்படிச் சண்டை போடுவதே அங்கே குற்றம். தடுக்க வேண்டியவரே போலீஸ் தலைவர்தான்.