ஒயினில் ஆல்கஹாலை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல

"திராட்சையில் இயற்கையாக இருக்கும் பாக்டீரியாதான் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது" என்று ஒயின் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட். அது பூஞ்சை இனம். பாக்டீரியாவின் முக்கியப் பங்கு பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். ஈனோகாக்கஸ் ஈனி என்ற லாக்டிக் அமில பாக்டீரியா, பச்சை ஆப்பிளில் பல்லைக் கூசவைக்கும் அதே மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால், நொதித்தல் அடங்கிப்போன பீப்பாயில் மறுபடி சின்னச் சின்னக் குமிழிகள் எழும். பெரும்பாலான சிவப்பு ஒயின்கள் இதைக் கடந்தே வருகின்றன. ஷார்டனே என்ற வெள்ளை ஒயின்கள் சிலவற்றின் வெண்ணெய் மணமும் இதன் கைவண்ணம்தான், அந்த மணத்தைத் தருவது டைஅசெட்டைல் என்ற வேதிப்பொருள். குளிரிலும் கந்தக டை ஆக்சைடிலும் இந்த பாக்டீரியா முடங்கிவிடும். காற்றுப் பட்டால் ஒயினை வினிகராக்கும் அசிட்டிக் அமில பாக்டீரியா வேறு கூட்டம். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.