ராக்கெட்டுக்காகக் காலியாகும் கடல், ஆமைக்காக ஏன் காலியாகாது?

மாசி பிறந்தால் என் முகநூல் முழுக்க ஆமைக்குஞ்சுதான். பிளாஸ்டிக் கூடையைச் சாய்த்து ஒரு அதிகாரி குஞ்சுகளைக் கடலில் விடுவார். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். "அழகு", "செல்லங்கள்" என்று கமெண்ட் குவியும். நானும் லைக் போடுகிறவன்தான். ராத்திரி முழுக்க மணலில் நடந்து முட்டை தேடி எடுத்து, பொரிப்பகத்தில் வைத்துக் காவல் காக்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தப் படத்தோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் கலைந்து போகிறார்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பழவேற்காட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எங்களுக்குத் தெற்கே துறைமுகங்கள், வடக்கே ஆந்திரா, மேற்கே ஏரி, கிழக்கே கடல். ஆமை சாவது அந்தக் கிழக்கில்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டுக் கரையில் 2024 பருவத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதானால் அதிகம் என்பது ஆமை ஆட்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பு. அப்படிப் பார்த்தால் 2 லட்சத்தில் தேறுவது 200. அதுவும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இப்போது 2025 சனவரிக்கு வாருங்கள். சென்னைக் கரையிலும் அதைச் சுற்றியும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. செத்ததில் பெரும்பாலும் வளர்ந்த பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி. ஒரு வருஷம் முழுக்கக் கூடை கூடையாய்ச் சாய்த்துச் சேர்த்ததை ஒரே மாதத்தில் பல மடங்கு தொலைத்துவிட்டோம். இத்தனைக்கும் கரைக்கு வந்தது மட்டும்தான் இந்தக் கணக்கில் இருக்கிறது. நீரோட்டம் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனதை யார் எண்ணினார்கள்?

செத்த ஆமையைக் கிட்டப் போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கண் இரண்டும் வெளியே பிதுங்கியிருக்கும். கழுத்து உப்பியிருக்கும். ஒரு நாள் வெயில் பட்டாலே ஓட்டின் மேல்தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்று வனத்துறை ஆட்கள் முதுகில் பெயிண்டால் ஒரு அடையாளம் போட்டிருப்பார்கள். நாய் எப்போதும் பின்கால் பக்கம்தான் ஆரம்பிக்கும், அங்கேதான் தோல் மெத்தென்று இருக்கும். வயிறு கிழிந்து கிடந்தால் உள்ளே முட்டை தெரியும், பிங்பாங் பந்து அளவில், இன்னும் ஓடு கெட்டியாகாமல் மஞ்சளாக. பிதுங்கிய கண்ணும் உப்பிய கழுத்தும் மூச்சுமுட்டிச் செத்ததற்கான அடையாளம் என்று அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள்.

கடலிலேயே வாழ்கிற பிராணி தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். சாகும். ஆமைக்கு இருப்பது நுரையீரல், மீனுக்கு இருப்பது போலச் செவுள் கிடையாது. மேலே வந்து தலையை நீட்டி மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி இறங்கும். சும்மா கிடந்தால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வலைக்குள் சிக்கிப் போராட ஆரம்பித்தால் உள்ள மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். லாஞ்சுக்காரர்கள், அதாவது இழுவை வலை போடும் விசைப்படகுக்காரர்கள், இறாலுக்காக அந்த வலையை, எங்கள் பேச்சில் மடியை, தரையோடு தரையாக மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். மடியின் வாயை விரித்துப் பிடிக்கிற பலகை இரண்டும் சேற்றைக் கிளப்பிக்கொண்டு போகும், வழியில் எது இருந்தாலும் மடிக்குள் வந்துவிடும். தை, மாசியில் இறாலும் கரையோரம், ஆமையும் கரையோரம். ஆணும் பெண்ணும் கூடுவதும், பெண் முட்டையிட நேரம் பார்த்துக் காத்திருப்பதும் அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான். மடியை மேலே தூக்கும்போது ஆமை செத்திருக்கும், இல்லாவிட்டால் மயங்கியிருக்கும். இரண்டுமே தூக்கிக் கடலில் வீசப்படும்.

மயங்கியதை வீசினால் அது மூழ்கிச் செத்துப்போகும். லாஞ்சில் வேலை பார்க்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள், நுரையீரலில் ஏறிய தண்ணீர் வெளியே வரும். முதுகில் ஈரச் சாக்குப் போடுங்கள். சில சமயம் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அசைய ஆரம்பித்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு மெதுவாக இறக்கிவிடுங்கள்.

என் சித்தப்பா பையன் ஒருவன் லாஞ்சில் பங்குக்குப் போகிறான். அவனிடம் சண்டை போட்டிருக்கிறேன். "ரெண்டு மூணு மணி நேரம் இழுத்தாதான் டீசல் காசு தேறும்ணா. ஓனர் கடன்ல கிடக்கிறான், நாங்க அவன்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டுக் கிடக்கிறோம்" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். ஆனால் அந்த மடி இழுத்துக்கொண்டு போகிற இடம் எங்கள் ஃபைபர் போட்டுக்காரர்கள் வலை விடுகிற இடம். ஆமையை மூச்சுமுட்ட வைக்கிற அதே மடி, என் மச்சானின் செவுள் வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது, பொடிமீனையும் வாரிக்கொண்டு போகிறது. ஆமை பாதுகாப்பு என்பது சென்னையில் ஆங்கிலம் பேசுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று எங்கள் ஆட்களில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். கரையில் ஆமை ஒதுங்கினால் லாஞ்சு பக்கத்தில் வந்திருக்கிறது என்று அர்த்தம். அது நம் பிரச்சினை.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆமை இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான். தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், லாஞ்சு இழுவை மடி போடக் கூடாது. ஆந்திராவிலும் 8 கிலோமீட்டர் என்று கோடு உண்டு. எங்கள் ஊரில் நின்று பார்த்தால் இந்தக் கோடு எவ்வளவு பெரிய தமாஷ் என்று தெரியும். சில ராத்திரிகளில் லாஞ்சு விளக்கு எண்ணுகிற தூரத்தில் நிற்கும், எஞ்சின் சத்தம் வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும். உரிய இடத்துக்குப் போன் போட்டால் ஒன்று எடுக்க மாட்டார்கள், எடுத்தால் "போட்டோ இருக்கா?" என்பார்கள். அப்படியே போட் வந்தாலும் லாஞ்சு வடக்கே நாலு மைல் தள்ளிப் போய் நின்றுகொள்ளும், அது அடுத்த ஸ்டேட். ஆமைக்கு ஆதார் கிடையாது, தமிழ்நாட்டு ஆமை ஆந்திரா ஆமை என்று பிரிக்கவும் முடியாது.

கடலைக் கண்காணிப்பது சாமானியமா, ஆள் எங்கே, படகு எங்கே என்று கேட்பார்கள். சரி, ஸ்ரீஹரிகோட்டாவைப் பாருங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ராக்கெட் போவது தெரியும். 1971-லிருந்து அங்கே ராக்கெட் விடுகிறார்கள். விடுகிற நாளில் என்ன நடக்கும் என்று பழவேற்காட்டுக் குப்பங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் நாளே அறிவிப்பு வந்துவிடும், கடலுக்குப் போகாதே. கடலோரக் காவல் படகு சுற்றும். அன்றைக்கு எங்களுக்கு வருமானம் கிடையாது, பேசாமல் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு தோணி, ஒரு லாஞ்சு உள்ளே இருக்காது. தமிழ்நாட்டுப் பக்கம் ஆந்திராப் பக்கம் என்ற பேச்சே எழாது, இரண்டு பக்கமும் ஒரே உத்தரவு. ஆக, அரசாங்கம் மனசு வைத்தால் இந்தக் கடலைக் காலி செய்ய முடியும். செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆமைக்காக மொத்தக் கடலையும் காலி செய்யச் சொல்லவில்லை. லாஞ்சை மட்டும், அதுவும் ஏற்கெனவே போகக் கூடாத அந்த 5 மைலுக்குள் வராமல், தையிலிருந்து பங்குனி வரை தடுத்து நிறுத்துங்கள் என்கிறேன். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று சொல்கிற டிரான்ஸ்பாண்டர் கருவியை உருவாக்கியதே இஸ்ரோதான். நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில் பொருத்துவது என்று 2024-இல் திட்டமும் தொடங்கிவிட்டார்கள். அந்தத் திரையைப் பார்க்க ஒரு ஆளை உட்கார வைத்தால் போதும், என்னிடம் போட்டோ கேட்க வேண்டாம்.

ஒடிசாவில் இதைச் செய்ய முடிகிறது. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களைச் சுற்றி நவம்பர் 1 முதல் மே 31 வரை ஏழு மாதம் மீன்பிடித் தடை. ஆமைக்காகத்தான். 2025-இல் ருஷிகுல்யா கரையில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் ஆமைகள் ஏறி முட்டையிட்டன. ஏழு மாதம் என்பது அங்குள்ள சின்ன மீனவனுக்குப் பெரிய அடி, அதை இங்கே அப்படியே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கிழக்குக் கரையின் தடைக்காலத்தைப் பாருங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்கு என்று வைத்தது. ஆமை வருவது சனவரி, முட்டையிட்டு முடிப்பது மார்ச், மிஞ்சினால் ஏப்ரல் தொடக்கம். கடைசி ஆமை கிளம்பிய பிறகு நாம் கதவைப் பூட்டுகிறோம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து சொல்வீர்கள். திருக்கை வலை. பெரிய கண் வைத்த அந்த வலையை ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டு விடியற்காலையில் போய்ப் பார்க்கிறோம், அதில் ஆமையும் சிக்கிச் சாகிறது. லாஞ்சு அளவுக்கு இல்லை, ஆனால் சாகிறது. தை, மாசி இரண்டு மாதம் அந்த வலையைக் கரையில் வைப்பது என்று ஊர்ப் பஞ்சாயத்துக் கூடி முடிவெடுத்தால் யாரும் மீற மாட்டார்கள். எங்கள் குப்பங்களில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்றே முறை வைத்து நடத்துகிறவர்கள் நாம். இதையும் செய்யலாம். கிழிந்த வலையைக் கடலில் தள்ளிவிட்டு வருவதையும் நிறுத்த வேண்டும். அது எவனுக்கும் மீன் தராமல் வருஷக்கணக்கில் தானே பிடித்துக்கொண்டு கிடக்கும்.

எங்கள் பாட்டி காலத்தில் ஆமை உயிரோடு சிக்கினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவார்களாம். சாமி, அதைக் காயப்படுத்தினால் மீன்பாடு கிடைக்காது என்பார்கள். அதே வாய்தான் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றும் சொல்லும். ஆமை புகுந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, லாஞ்சு புகுந்த கடல் உருப்படாது என்பது தெரியும்.

அப்புறம், மடியில் வைக்கிற அந்த ஆமை விலக்கு சாதனம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மடியின் தொண்டையில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதற்கு மேலே திறப்பு. இறாலும் மீனும் கம்பி இடுக்கு வழியாகப் பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியாக வெளியே போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்துத் தந்திருக்கிறது, மானியமும் உண்டு. ஆமை போகிற ஓட்டையில் பெரிய மீனும் போய்விடும் என்பது லாஞ்சுக்காரர்களின் குறை. கொஞ்சம் போகத்தான் செய்யும். இது இல்லாததால் போகிறது என்ன தெரியுமா? 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, காரணம் இந்தச் சாதனம்தான். நம் எல்லையைத் தாண்டினால் ஆந்திராவில் பண்ணைக் குட்டைகளில் வளர்கிற வனாமி இறால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறது, கடல் இறால் ஏறுவதில்லை. ஓட்டையில் தப்பிய நாலு மீனுக்கு அழுகிறவர்கள் இதற்கு ஏன் அழுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

விளக்கு, கடலரிப்பு, சவுக்கு பற்றியும் நிறைய எழுதலாம். குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் ஓடும். துறைமுகமும் ஹைமாஸ் விளக்கும் ஊர்ப் பக்கம் எரிந்தால் அது ரோட்டுக்குப் போய்ச் சேரும். துறைமுகத்துக்கு வடக்கே கரை தின்னப்பட்டு, கல் கொட்டிய இடத்தில் ஆமை ஏற முடியாமல் திரும்பிப் போகிறது. சுனாமிக்குப் பிறகு கடலை ஒட்டி நட்ட சவுக்கின் வேர் குழி பறிக்க விடுவதில்லை. எல்லாம் உண்மை. ஆனால் பெரிய ஆமை உயிரோடு கரைக்கு வந்தால்தானே இதெல்லாம் பேச்சு?

சனவரி 26 கிராம சபை சரியாக ஆமைப் பருவத்தின் நடுவில் வருகிறது. இந்தத் தடவை தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டியோடு இதையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போகப் போகிறோம்: தை முதல் பங்குனி வரை 5 கடல் மைலுக்குள் வரும் லாஞ்சின் மீது டிரான்ஸ்பாண்டர் பதிவை வைத்தே நடவடிக்கை, இரண்டு மாநில ரோந்துப் படகுகளும் ராக்கெட் நாளில் செய்வதுபோல ஒரே உத்தரவில், திருக்கை வலை போடாமல் இருக்கும் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் போல ஒரு தொகை. குப்பத்து ஆட்கள் திருத்தம் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். தெலுங்கு எழுதத் தெரிந்தவர்கள் இந்தக் கடைசிப் பத்தியையாவது மொழிபெயர்த்துக் கமெண்டில் போடுங்கள், தடா, சூளூர்பேட்டை சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும்.