பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குவது பெரும்பாலும் பேசிய பிள்ளை அல்ல, எழுதிக் கொடுத்தவர். தமிழாசிரியரோ அம்மாவோ சித்தப்பாவோ யூடியூபோ, யாரோ ஒருவர். நடுவராக உட்கார்ந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் மதிப்பெண் தாளில் 'கருத்து' என்ற கட்டத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே எண் போடுகிறோம்.

எழுதிக் கொடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 12 வயதில் உதவி வேண்டும்தான். ஆனால் எழுதுகிறவர் முதலில் கோட்டை விடுவது அளவில். தமிழில் மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொல் போகும். மூன்று நிமிடப் போட்டி என்றால் 250 சொல், அவ்வளவுதான். பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதோ 450, 500. பிள்ளை என்ன செய்யும்? மூச்சு விடாமல் ஓட்டும். ஓட்டினால் சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படும், முற்றுப்புள்ளியே இருக்காது. நடுவர் 'உச்சரிப்பு சரியில்லை' என்று குறித்துக்கொள்வார். குறை உச்சரிப்பில் இல்லை, தாளில் இருக்கிறது.

அந்த 250லும் வணக்கம் சொல்லவே 40 சொல் போய்விடுகிறது. "அறிவார்ந்த நடுவர் பெருமக்களே, ஆன்றோரே, சான்றோரே, என்னோடு போட்டியிட வந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே" என்று அடுக்கிக்கொண்டே போய் முடிப்பதற்குள் அரை நிமிடம் காலி. அதற்கு எந்த மதிப்பெண் தாளிலும் கட்டம் கிடையாது. "அவையோருக்கு வணக்கம்" என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சைத் தயாரிக்க உருப்படியான வழி ஒன்று உண்டு. தலைப்பைச் சொல்லி பிள்ளையைப் பத்து நிமிடம் பேச விடுங்கள், குறுக்கே போகாதீர்கள். போனில் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து அவன் சொன்ன வாக்கியங்களையே எடுத்து, ஒழுங்குபடுத்தி, ஒரு வாக்கியத்துக்கு ஏழெட்டுச் சொல் மிகாமல் எழுதுங்கள். விட்டுப்போன தகவலை மட்டும் நீங்கள் சேர்த்துவிடுங்கள். தன் வாயில் பிறந்த வாக்கியம் மறக்காது. மறந்தாலும் வேறு மாதிரி சொல்லிச் சமாளிப்பான். "வையத்து வாழ்வாங்கு வாழ்ந்த வரலாற்று நாயகன்" மறந்தால் மறந்ததுதான்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு வருவோம். காமராசர் பிறந்த நாள். இருபது பிள்ளைகள் பேசினால் பதினைந்து பேர் 'பள்ளியில் சோறு போட்டால் படிக்க வருவேன்' என்று அவரிடம் சொன்ன மாடு மேய்க்கும் சிறுவன் கதையைச் சொல்வார்கள். ஆறாவது முறை கேட்கும்போது நடுவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். அதற்குப் பதில், அதே பிள்ளை தன் பள்ளிச் சத்துணவு அமைப்பாளரிடம் போய், இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், என்றைக்கு என்ன உணவு என்று கேட்டு வந்து சொல்லட்டும். இன்னொன்று: 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கு என்றுதான் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலைச் சாப்பாடு சாப்பிட்டு, ஆறாம் வகுப்பில் அது நின்றுபோன பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல என்னென்னவோ இருக்கும். எந்தப் பேச்சுத் தொகுப்பிலும் அது கிடைக்காது.

தகவல் பிழை தனிக்கதை. யார் சொன்னதென்று தெரியாத வாசகம் எல்லாம் அப்துல் கலாம் தலையில் விழுகிறது. தேதியும் அப்படித்தான். தமிழ்நாடு நாள் பேச்சுகளில் "1967இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது" என்று அடித்துச் சொல்கிறார்கள். 1967 ஜூலை 18 சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய நாள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. பெயர் மாற்றம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிர்விட்டது அதற்கெல்லாம் முன்னால், 1956 அக்டோபரில். இந்த மூன்றையும் வரிசையாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அடுக்குமொழியே தேவைப்படாது.

மனப்பாடம் நடுவில் அறுந்துபோவதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. வீட்டில் பயிற்சி செய்யும்போது தடுமாறிய ஒவ்வொரு முறையும் "முதல்ல இருந்து சொல்லு" என்கிறோம். ஆகவே முதல் பத்தி ஐம்பது முறை ஓடியிருக்கும், கடைசிப் பத்தி ஐந்து முறை. மேடையில் ஒரு நிமிடம் தாண்டியதும் கால் வைக்கிற இடமெல்லாம் பழகாத இடம். தலைகீழாகச் செய்யுங்கள்: கடைசிப் பத்தியை முதலில் படிக்க வையுங்கள், பிறகு அதற்கு முந்தையது. தடுமாறினால் அந்த இடத்திலிருந்தே தொடரச் சொல்லுங்கள். நடுவில் எங்கே தொட்டாலும் அங்கிருந்து பேச வருகிறதா என்று சோதியுங்கள்.

மணிக்கும் பழக்க வேண்டும். பல போட்டிகளில் ஒரு நிமிடம் மீதி இருக்கும்போது எச்சரிக்கை மணி அடிப்பார்கள். அது தெரியாமல் நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்து, பாதியில் நன்றி சொல்லி இறங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் டம்ளரைக் கரண்டியால் தட்டினாலே போதும்.

ழகரம் பற்றி. ல என்றால் நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொடும். ள என்றால் நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ என்றால் மடிந்து அருகே போய், தொடாமல் நிற்கும். தாளில் இந்த மூன்று எழுத்து வரும் சொற்களை மூன்று நிறத்தில் வட்டமிட்டு, அந்தச் சொற்களை மட்டும் தினம் ஐந்து நிமிடம் சொன்னால் நாளடைவில் சரியாகும். ரொம்ப வதைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடும்: "தலைவர்" எல்லாம் "தழைவர்" ஆகிவிடுவார்.

கத்துவதை யார் கற்றுக் கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. உச்சத்தில் கத்தினால் கட்டாயம் கீறிவிடும், அரங்கம் சிரிக்கும், அத்தோடு பேச்சு போச்சு. மைக் இருக்கும்போது கத்தத் தேவையும் இல்லை. வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுக் கீழே இருந்தால் நன்றாக எடுக்கும். தலைமையாசிரியர் உயரத்துக்கு வைத்த மைக்கில் ஆறாம் வகுப்புப் பெண் எக்கி எக்கிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் எழுந்து போய் ஒரு திருகைத் தளர்த்தினால் என்ன?

இனி நடத்துகிறவர்களுக்கு. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்த நாளையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் போட்டிகள் நல்ல முயற்சி. முதல் மூன்று பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியாக 2,000 வீதம் சிறப்புப் பரிசும் உண்டு. ஆனால் 6 முதல் 12 வரை ஒரே பிரிவு. 11 வயதுக் குழந்தையும் 17 வயது இளைஞனும் ஒரே தராசில். பள்ளிகள் இயல்பாகவே பெரிய வகுப்புப் பிள்ளைகளைத்தான் அனுப்பும். பள்ளிக்கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் 6–8, 9–10, 11–12 என்று பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவை இங்கேயும் கொண்டுவரலாம்.

மதிப்பெண்ணைக் கூட்டுவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று நடுவரில் இருவர் எல்லோருக்கும் 70க்கும் 80க்கும் இடையே போட்டு, மூன்றாமவர் 40 முதல் 95 வரை போட்டால், முடிவைத் தீர்மானிப்பது அந்த ஒருவர்தான். மூன்றையும் கூட்டாமல், ஒவ்வொரு நடுவரின் பட்டியலையும் முதலில் தரவரிசையாக மாற்றி, அந்த வரிசை எண்களைக் கூட்டுங்கள். யாருக்குக் குறைவோ அவருக்கு முதலிடம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேசி முடித்ததும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிலுக்கு 30 வினாடி, 100இல் 20 மதிப்பெண். தேதி கேட்கிற வினாடி வினா வேண்டாம். "நீ சொன்னதில் உனக்கே புதிதாக இருந்தது எது?" "சங்கரலிங்கனார் கேட்டது அப்போதே ஏன் நடக்கவில்லை என்று நினைக்கிறாய்?" இப்படி. பதிலில் இலக்கணம் பார்க்கக் கூடாது, வீட்டுப் பேச்சு வந்தாலும் குறைக்கக் கூடாது, யோசிக்க ஐந்து வினாடி மௌனமாக நின்றால் மணி அடிக்கக் கூடாது. கேள்வி உண்டு என்று அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். அப்போதுதான் எழுதிக் கொடுக்கிறவர் பிள்ளையிடம் விஷயத்தைப் பேசித் தயார் செய்வார். 25 பேர் பேசினால் கேள்வியும் பதிலுமாக அரைமணி நேரம் கூடும். தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்துவதைக் குறைத்தால் அந்த அரைமணி கிடைத்துவிடும்.