பூனையோட வாயை அடைச்சுட்டு கதை சொல்லச் சொன்னா எப்படி சார்?

மொதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். ‘தி கேட் இன் தி ஹேட்’னு ஒரு இங்கிலீஷ் பிள்ளைங்க கதைப் புத்தகம் இருக்கே, அந்தப் பூனை பேசும். சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட நெட்டைத் தொப்பி, கழுத்துல சிவப்பு போ டை, கையில வெள்ளை உறை, அம்மா வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து உள்ள நுழையற பூனை. நுழைஞ்ச நிமிஷத்துலேர்ந்து அது வாயை மூடறதே இல்ல. வீட்டுல இருக்கற மீன் ‘வெளிய போ, வெளிய போ’ன்னு கத்தும். பூனை கேக்காது. பேசிக்கிட்டே இருக்கும், ஆடிக்கிட்டே இருக்கும், வீட்டையே தலைகீழாக்கும். அந்தப் பூனைக்கு மொத்தச் சொத்தே அதோட வாய்தான். அதை வேஷம் கட்டுங்கன்னு என்னைக் கூப்பிட்டு, வாய் இருக்கற இடத்துல கறுப்பு வலை தைச்ச ஒரு ஸ்பாஞ்சுத் தலையை மாட்டி விட்டு, செல்ஃபி பாயின்ட் பக்கத்துல நிக்க வைக்கிறீங்களே, இது அடுக்குமா?

நான் சனி ஞாயிறுல பிள்ளைகளுக்குக் கதை சொல்றவ. சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, கூப்பிட்ட இடத்துக்கு பஸ்ஸைப் பிடிச்சுப் போவேன். பிப்ரவரி கடைசியானா போன் வர ஆரம்பிச்சுடும். ஆண்டு விழா, யுகேஜி பிள்ளைகளுக்கு கவுன் மாட்டி ‘கிராஜுவேஷன்’, இப்போ கொஞ்ச வருஷமா ‘ரீடிங் டே’. மார்ச் 2-ஆம் தேதி. ஏன் அந்தத் தேதின்னு கூப்பிடறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. சர்க்குலர்ல இருந்துச்சு மேம், அவ்வளவுதான்.

தெரிஞ்சுக்கணும் இல்ல? 1954-ல அமெரிக்காவுல லைஃப் பத்திரிகையில ஜான் ஹெர்சின்னு ஒரு எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினாரு. பிள்ளைங்க படிக்கக் கத்துக்கறதுல ஏன் திணறுதுன்னு. பள்ளிக்கூடத்துல குடுக்கற வாசிப்புப் புத்தகம் அவ்வளவு சப்புன்னு இருக்கு, அழுக்கே படாத பிள்ளைங்க படம் போட்டுத் தள்ளறீங்க, யாருக்குப் படிக்கத் தோணும்னு ஒரு பிடி பிடிச்சாரு. நல்லா வரையறவங்களை விட்டு வரையச் சொல்லக் கூடாதான்னு சில பேரையும் சொன்னாரு. அதுல ஒருத்தர் தியோடர் கைசெல், டாக்டர் சூஸ்ங்கற பேர்ல எழுதினவர். அப்புறம் பாடப் புத்தகம் போடற பதிப்பகத்துக்காரர் ஒருத்தர் இவர் கையில ஒரு சொல் பட்டியலைக் குடுத்து, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கீழ வைக்க மனசு வராத ஒரு கதை எழுதித் தாங்கன்னு கேட்டாரு. மனுஷன் மண்டையை உடைச்சுக்கிட்டு, 236 சொல்லை மட்டும் வெச்சு முழுக் கதையையும் கட்டினாரு. அதுதான் இந்தப் பூனைக் கதை, 1957-ல வந்துச்சு. மார்ச் 2, அவர் பொறந்த நாள். 1998-லேர்ந்து அங்க ஆசிரியர் சங்கம் அன்னிக்கு வாசிப்பு நாள் நடத்துது.

ஆக, அந்தப் பூனை பொறந்ததே சப்புன்னு போற வாசிப்பை எதிர்த்து. அதை இங்க கொண்டாந்து என்ன பண்றீங்க? ஃப்ளெக்ஸ் அடிக்கிறீங்க. பலூன் வளைவு கட்டறீங்க. கரஸ்பாண்டன்ட் சார் குத்துவிளக்கு ஏத்தறாரு, சீஃப் கெஸ்ட் வாசிப்போட அவசியத்தைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசறாரு, அவர் பேச்சுல ஒரு புத்தகத்தோட பேர் கூட வராது. பிள்ளைங்க வெயில்ல ஷூ சாக்ஸோட உட்கார்ந்திருக்கும். மேடையில ஒரு மேசை நிறைய புத்தகம் அடுக்கியிருப்பீங்க. போட்டோ எடுத்து முடிஞ்சதும் அது திரும்ப பீரோவுக்குள்ள போயிடும், சாவி ஆபீஸ் ரூம்ல. இதுக்குப் பேர் ரீடிங் டே!

அந்தத் தலை கதைக்கு வர்றேன். மாறுவேடப் போட்டிக்கு துணி வாடகைக்குக் குடுக்கற கடையிலேர்ந்து எடுத்து வருவாங்க. கரடிக்கும் முயலுக்கும் பூனைக்கும் ஒரே ஃபர் உடம்புதான், தலையை மட்டும் மாத்துவாங்க. நான் போட்ட பூனைக்கு முயல் வால்! கேட்டா, “யாரு மேம் பின்னால பாக்கப் போறாங்க”ன்னு பதில். யாரு பாப்பாங்களா? பிள்ளை பாக்கும் சார். பிள்ளைதான் மொதல்ல வாலைப் பாக்கும். பாத்துட்டு இழுக்கும். போன வாரம் எவனோ கரடியா நின்னு வேர்த்த வேர்வை உள்ள அப்படியே காஞ்சு கெடக்கும், மேல கொஞ்சம் சென்ட் அடிச்சு நம்மகிட்ட நீட்டுவாங்க. மாட்டினா கண்ணு இருக்கற இடத்துல கண்ணு தெரியாது. அந்த வாய் வலை வழியாத்தான் வெளியுலகத்தைப் பாக்கணும், அதுவும் நேரா எதிர்ல நிக்கறவங்க இடுப்பு வரைக்கும்தான் தெரியும். கீழ நிக்கற பிள்ளை தெரியாது. பிள்ளைங்களுக்குன்னு கட்டின வேஷத்துல பிள்ளை மட்டும் கண்ணுக்குத் தெரியாது, எப்படி இருக்கு பாருங்க.

வெயிலை வேற சொல்லணுமா? வேலூர் வெயிலை வேலூர்க்காரங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டாம். மலையும் பாறையும் சுத்தி நின்னு அனலைத் திருப்பி அடிக்கிற ஊரு, மார்ச்சுலயே மண்டை காய ஆரம்பிச்சு ஏப்ரல் மே-ல 40 டிகிரியைச் சாதாரணமாத் தாண்டும். திறந்த மைதானத்துல அந்த ஸ்பாஞ்சுத் தலைக்குள்ள நிக்கறது இட்லிப் பானைக்குள்ள உட்கார்ந்து மூடியை நாமே இழுத்து மூடிக்கிட்டதுக்குச் சமம். இதுல வேடிக்கை என்னன்னா அந்தக் கதை ஆரம்பிக்கறதே மழையில. குளிருது, வெளிய போய் விளையாட முடியல, பிள்ளைங்க ரெண்டும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கு, அப்போதான் பூனை வருது. குளிர்ல வந்த பூனையை இங்க வேக வைக்கிறோம்.

பெத்தவங்களைப் பத்தி பேசாம விட முடியாது. ரெண்டரை வயசுப் பிள்ளை, தன்னை விட மூணு மடங்கு உயரத்துல, கண்ணு சிமிட்டாத ஒரு மூஞ்சியைப் பாத்து வீறிட்டு அழுது. அது நியாயமான அழுகை. எனக்கே உள்ளேர்ந்து பயமாத்தான் இருக்கு. ஆனா அம்மா விட மாட்டாங்க. “அங்கிள் ஒண்ணும் பண்ண மாட்டாரு கண்ணு, அங்கிளுக்கு ஷேக்ஹேண்ட் குடு.” அங்கிளா! உள்ள இருக்கறது பொம்பளைன்னு யாரும் நினைக்கறதே இல்ல. அப்பா எதிர்ல போனைப் பிடிச்சுக்கிட்டு “சிரி, சிரி, இங்க பாரு”ன்னு கத்தறாரு. பிள்ளை என் தொடையை எட்டி உதைக்குது. நான் பேசி சமாதானப்படுத்தலாம், என் குரலைக் கேட்டா பாதி அழுகை நின்னுடும், அது எனக்குப் பழக்கம். ஆனா தலைக்குள்ளேர்ந்து பேசினா வெளிய ‘ம்ம் ம்ம்’னுதான் கேக்கும். அழற பிள்ளைக்கு பொம்மை உறுமற சத்தம் கேட்டா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுக்கோங்க. அந்த அழுகையோடவே போட்டோ எடுத்து, ‘மை பேபி வித் கேட்’னு ஸ்டேட்டஸ் போட்டுடுவாங்க.

வேஷம்னா என்னன்னு தெரியாத ஊரா இது? வட ஆற்காடுய்யா! திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா விடிய விடிய கூத்து பாத்த ஜனங்க நாம. பழைய வட ஆற்காடு ஜில்லாவுல இருந்த புரிசை கூத்துன்னா உலகத்துக்கே தெரியும். கட்டை வேஷம் கட்டறவரு மூஞ்சியில அரிதாரம் பூச அவ்வளவு நேரம் எடுத்துக்குவாரு, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் ஏத்திக்கிட்டு வந்தா ரெண்டு பேரு திரை பிடிப்பாங்க. திரைக்குப் பின்னாலேர்ந்து தான் யாருன்னு பாடித்தான் அவர் சபைக்கு வருவாரு. கட்டியங்காரன் குறுக்க பூந்து கேள்வி கேப்பான், அவனுக்கும் பதில் சொல்வாரு. எத்தனை சுமை ஏத்தினாலும் வாயை மட்டும் திறந்து விட்டிருக்காங்க, ஏன்னா பாட்டும் பேச்சும் இல்லாம அங்க வேஷமே இல்ல. எங்க ஊர்ல துரியோதனன் கிரீடத்தைத் தட்டி ‘அங்கிள் ஒரு செல்ஃபி’ன்னு கேட்டிருந்தா கதாயுதத்தாலயே போட்டிருப்பாரு. பூனைன்னா மட்டும் இளப்பமா?

வேலூருக்குன்னு ஒரு பழைய நக்கல் உண்டே, தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லா கோட்டை, சாமி இல்லா கோயில்னு. (கடைசியில பொண்ணுங்களைப் பத்தியும் ஒண்ணு சேப்பாங்க, அதைக் கட்டிவிட்டவனை நான் தேடிக்கிட்டிருக்கேன்.) அதுல சாமி இல்லா கோயில்ங்கறதை 1981-ல ஜலகண்டேஸ்வரரைத் திரும்ப உள்ள கொண்டாந்து அடிச்சு விட்டாச்சு. காலி ஆன அந்த இடத்துல கதை இல்லா பூனைன்னு எழுதிக்கோங்க, பொருத்தமா இருக்கும்.

இப்போ என் வயிறு எரியற இடத்துக்கு வர்றேன். பேர் வேண்டாம், ஒரு நர்சரிப் பள்ளி. போன்ல பேசறப்போ தெளிவாச் சொல்லியிருந்தேன். என்கிட்ட தொப்பி இருக்கு, மீசை வரைஞ்சுக்குவேன், வால் நானே தைச்சது, முகம் திறந்துதான் இருக்கும், ஒரு வகுப்புப் பிள்ளைங்களை ஒரு ரூம்ல உட்கார வையுங்க, அரை மணி நேரம் கதை. சரி மேம், சரி மேம். அங்க போனா அந்தத் தலை காத்துக்கிட்டிருக்கு. “பேரன்ட்ஸ் எதிர்பாப்பாங்க மேம், மீசை மட்டும் வரைஞ்சா கிராண்டா தெரியாது.” கதை எப்போன்னு கேட்டேன். “டான்ஸ் முடியட்டும்.” டான்ஸ் முடிஞ்சுது. “பிரைஸ் குடுத்துடலாம்.” குடுத்தாங்க, எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத்துக்கும். அப்புறம் சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, வேன் டிரைவருங்க ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. தலையைக் கழட்டிட்டு உட்கார்ந்தா கண்ணு இருட்டுது. ஆயாம்மா ஒருத்தங்கதான் சொம்புல தண்ணி கொண்டாந்தாங்க. “இன்னாம்மா இது, மூஞ்சியெல்லாம் செவந்துகினு கீது. மொதல்ல குந்து நீ” அப்படின்னு முந்தானையால விசிறி விட்டாங்க. அந்த மைதானத்துல மனுஷியா இருந்தது அவங்க ஒருத்தங்கதான்.

கவரைப் பிரிச்சுப் பாத்தா பேசினதுல பாதி. ஏன் சார்னு கேட்டா ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தவர் சொல்றாரு: “நீங்க கதை சொல்லலையே மேம். சும்மாதானே நின்னீங்க.”

சும்மா நின்னேனாம்! வாயை மூடினது யாரு? பூட்டைப் போட்டது நீங்க, சாவி உங்க கையில, உள்ள பேசலன்னு கூலியில கை வைக்கிறது என்ன கணக்கு? சரி, சும்மா நிக்கறது அவ்வளவு சுலபம்னா ஃப்ளெக்ஸ் பூனை ஒண்ணு நிறுத்தியிருக்கலாமே. அதுக்கு வேர்க்காது, பஸ் சார்ஜ் கேக்காது.

கதை சொன்னா என்ன நடக்கும்னு இவங்க யாரும் பாத்ததில்ல, அதான் வினை. அணைக்கட்டு பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில சொன்னேன். தலை கிடையாது, ஃபர் கிடையாது, வேப்ப மரத்தடியில ஒரு பாய். அங்க அரசு குடுத்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பறன்னு படி படியா பிரிச்ச சின்னச் சின்னக் கதைங்க, பிள்ளைங்க கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் மடங்கிக் கெடந்துச்சு. எனக்கு அதைப் பாத்ததுமே பாதி சந்தோஷம். தமிழ் பேசற பிள்ளை, வீட்டுல உருது பேசற பிள்ளை, தெலுங்கு பேசற பிள்ளை, எல்லாம் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கு. பூனை பந்து மேல ஏறி நிக்குது, ஒரு கையில கிண்ணத்தோட மீன், இன்னொரு கையில புத்தகம், தலையில கேக்கு, நான் ஒண்ணொண்ணா ஏத்தறேன். ‘விழும் விழும் விழும்’னு அத்தனையும் எழுந்து நின்னு கத்துது. விழுந்தப்போ பாருங்க சிரிப்பை!

அந்தக் கதை ஒரு கேள்வியோடதான் முடியும். அம்மா திரும்பி வந்து, நான் இல்லாதப்போ என்ன பண்ணீங்கன்னு கேக்கறாங்க. சொல்றதா வேணாமா? உங்க அம்மா கேட்டா நீங்க என்ன செய்வீங்க? கேட்டதும் ஒரு பையன் எழுந்து, “சொல்ல மாட்டேன் மிஸ், வெளக்கமாத்தால அடிக்கும்”ன்னான். பக்கத்துல இருந்த பொண்ணு, “எங்க அம்மா கேக்காதே, அம்மா ஷூ கம்பெனியிலேர்ந்து வந்ததும் படுத்துக்கும்”னா. இன்னொருத்தன், மீனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்ங்கறான். அந்தப் பேச்சு முடியவே இல்ல, மணி அடிச்சும் முடியல. அந்த ஸ்கூல் டீச்சர் எனக்கு டீயும் முறுக்கும்தான் குடுத்தாங்க, வேற காசு கிடையாது. ஆனா முழுசா அவங்களும் பாயில உட்கார்ந்து கேட்டாங்க.

அதனால இனி கூப்பிடறவங்க காதுல போட்டுக்கோங்க. முகம் திறந்துதான் வருவேன். என் வால் என்னோடது. ஒரு ரூம், ஒரு ஃபேன், ஒரு பாய், போன் வெளிய. பிள்ளை கிட்ட வரணும்னா அதுவா வரும், தள்ளக் கூடாது. சீஃப் கெஸ்ட் பேச்சுக்கு முன்னாடி கதை. காசு மொதல்லயே.

நேத்து கூட ஒரு ஸ்கூல்லேர்ந்து மெசேஜ்: “மேம், நீங்க எதுவும் எடுத்துட்டு வர வேணாம், புதுசா ஒரு பூனைத் தலை எங்ககிட்டயே வாங்கி வெச்சிருக்கோம்.” ரொம்ப சந்தோஷம். அளவு பெருசா இருந்தா கரஸ்பாண்டன்ட் சாரையே மாட்டிக்கச் சொல்லுங்க. பேச்சும் கொஞ்சம் குறையும்.